அரசுத் தரப்பின் வெட்கம்

மார்ச் 3

பூட்டுக்கடை ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நாம் சந்தித்ததில்லை. ஆனால் உங்களை நான் மிகவும் நோகடித்திருக்கிறேன் என்று நேற்று வக்கீல் கொடுத்த காகிதங்களைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் வாக்குமூலம் இது: "நான் என் மனைவியுடன் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, மேற்படி எதிரிகள் இருவரும் பெஞ்சில் அமர்ந்து முத்தமிட்டதைக் கண்டு, மிகவும் வெட்கமடைந்து, மனம் புண்பட்டு, தலைகுனிந்து நின்றேன்."

மேற்படி எதிரிகளில் இரண்டாம் எதிரி நான். முதல் எதிரி என் கணவர். குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்று அழைப்பது கோர்ட்டின் வழக்கம், கோபம் ஒன்றும் இல்லை என்று வக்கீல் சமாதானம் சொன்னார்.

நாங்கள் ஏன் பூங்காவுக்குப் போனோம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீடு ஒரே அறை. அதில் மாமனார், மாமியார், கொழுந்தன், நாத்தனார், நாத்தனாருடைய தையல் மெஷின். புருஷனும் பெண்டாட்டியும் ரகசியமாக ஒரு வார்த்தை பேசவேண்டுமென்றால் தெருவுக்குத்தான் வரவேண்டும். அன்றைக்கு எனக்குப் பிரசவ மருத்துவமனையில் செவிலி வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. அதைச் சொல்லத்தான் போனோம்.

போலீஸ்காரர் வந்ததும் என் கணவர் பயந்துபோய், "ஆமா சார், தப்புத்தான் சார்" என்று ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டார். நான் கட்டவில்லை. கட்டினால் எனக்குத் தண்டனை ஆனதாகப் பதிவாகிவிடும். மருத்துவமனையில் போலீசின் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறார்கள். அது இல்லாவிட்டால் வேலை இல்லை. ஆகவே இப்போது சட்டத்தின் நிலை இது: என் கணவர் முத்தமிட்டது நிரூபணமாகிவிட்டது. யாரை என்பதுதான் விசாரணையில் இருக்கிறது.

பொது இடத்தில் ஒரு காரியம் நடந்தால் மட்டும் போதாது, அதைக் கண்டு ஒரு ஆளாவது அருவருப்பு அடைந்திருக்க வேண்டும் என்று வக்கீல் சொல்கிறார். இந்த வழக்கில் அந்த ஒரு ஆள் நீங்கள். என் வேலை உங்கள் வெட்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பெஞ்சு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு பக்கம் தொட்டி, இரண்டு பக்கம் வேலிச்செடி. அங்கே ஒருவர் தலைகுனிந்து நின்றால் எங்கள் மடியில்தான் முட்டியிருப்பார். நீங்கள் எங்கே நின்றீர்கள்?

இப்படிக்கு,
இரண்டாம் எதிரி

மார்ச் 9

அம்மா,

சாட்சிக்குக் கடிதம் எழுதுவது தனிக் குற்றம் என்று உங்களுக்குத் தெரியாதா? அதற்குப் பதில் எழுதுவதும் குற்றமாகத்தான் இருக்கும். ஆகையால் இது பதில் அல்ல. படித்தவுடன் கிழித்துவிடவும்.

உங்கள் உறையைத் தபால்காரர் கொண்டுவந்தபோது தலைமைக் காவலர் என் கடை முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். "யாருய்யா உனக்கு லெட்டர் போடுறது?" என்றார். "சாவிக் கம்பெனி சார்" என்றேன். அப்புறம் அவருடைய மோட்டார் சைக்கிளுக்குப் போட்டுக்கொண்டிருந்த சாவியின் பல்லைத் தப்பாக அராவிவிட்டேன். என் தொழிலில் எனக்கு இப்படி நடந்ததே இல்லை.

என் கடை ஸ்டேஷன் சுற்றுச்சுவரை ஒட்டி நடைபாதையில் இருக்கிறது. கடை என்று நான் சொல்கிறேன். ஒரு பெட்டி, ஒரு குடை, அந்த முக்காலி. அது அங்கே இருக்கிறதென்றால் அவர்கள் பார்த்தும் பார்க்காமல் இருப்பதால்தான். பதிலுக்கு நான் சிலவற்றைப் பார்க்காமலே பார்த்ததாக... இந்த வரியைப் படிக்க வேண்டாம்.

நான் மனம் புண்பட்டது உண்மை. இதற்கு முன்பும் பல வழக்குகளில் புண்பட்டிருக்கிறேன், எல்லாவற்றிலும் தண்டனை ஆகியிருக்கிறது. நல்ல சாட்சி என்று பெரிய அதிகாரியே தோளில் தட்டியிருக்கிறார். நீங்களும் ஒப்புக்கொண்டுவிடுங்கள் அம்மா. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்குக் கோர்ட் ஏறி இறங்குவது சரிப்படாது.

அப்படி ஒப்புக்கொள்ளப் போவதில்லை என்றால், நீங்கள் அன்று என்ன நிற உடை அணிந்திருந்தீர்கள் என்பதைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். உங்கள் வக்கீல் கேட்டால் நான் திணறக் கூடாது.

பெயர் போடவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும்.

மார்ச் 15

ஐயா,

உங்கள் பதில் அல்லாத கடிதம் கிடைத்தது. சாட்சி சொல்பவர் எதிரியிடம் விவரம் கேட்டு எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். மறைக்க எனக்கு எதுவும் இல்லை. வெளிர்நீலச் சட்டை, அதன் மேல் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. என் கணவர் டயர் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார், கையெல்லாம் கரி. இடது கன்னத்தில் முத்தமிட்டார். அந்தக் கரி என் முகவாயில் ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் போலீஸ்காரர் கண்டுபிடித்தார். நடந்ததை நான் மறுக்கவில்லை. நீங்கள் பார்த்ததைத்தான் மறுக்கிறேன்.

இனி ஒரு கெட்ட செய்தி. உங்களை அதிரவைக்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதுகிறேன். உங்கள் வாக்குமூலத்தில் "என் மனைவியுடன்" என்று இருக்கிறதல்லவா? அப்படியானால் அந்த அம்மையாருடைய மனமும் புண்பட்டிருக்குமே, அவரை ஏன் அழைக்கவில்லை என்று என் வக்கீல் கோர்ட்டில் கேட்டார். நீதிபதிக்கும் அது நியாயமாகப் பட்டது. உங்கள் வீட்டுக்குச் சம்மன் வரும்.

எனக்குச் சந்தோஷமாக இல்லை ஐயா. நீங்கள் பயந்து எழுதிய கடிதத்தைப் படித்தால் என் கணவர் பேசுவது போலவே இருக்கிறது. அவர் இப்போதெல்லாம் தெருவில் என்னோடு நடக்கும்போது நடுவில் ஒரு ஆள் புகுந்து போகிற அளவு இடம் விட்டு நடக்கிறார். மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறார். மேல் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், பூட்ஸ்தான் போடுவார். அது தெரிந்தும் நிறுத்துகிறார். இப்போது எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

இ. எ.

மார்ச் 24

தங்கச்சிக்கு,

சம்மன் வந்தது. நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கிறது. திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரி அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னைய பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?" என்றாள்.

நான் செருப்பைக் கழற்றினேன்.

"இல்ல, கவர்மெண்டே எழுதியிருக்கு. போயிருப்போம். எனக்குத்தான் ஞாபகம் இல்ல. நான் என்ன உடுத்தியிருந்தேன்? நல்லா இருந்தேனா?"

"சும்மா இரு. அது ஒரு வழக்கமா எழுதுறது."

"வழக்கமாவா? அப்போ நெறைய தடவ போயிருக்கோமா?"

உங்களிடம் சொல்வதற்கு என்ன. எல்லா வழக்கிலும் அப்படித்தான் எழுதுவார்கள். பூங்காவில் தனியாக நிற்கிற ஆம்பளை வெட்கப்பட்டான் என்றால் கோர்ட் நம்பாதாம். அவன் அங்கே எதற்குப் போனான் என்று கேட்குமாம். பெண்டாட்டியோடு போனவன் வெட்கப்பட்டால்தான் அது பொதுமக்களின் வெட்கம். இத்தனை வருஷத்தில் பெண்டாட்டியையும் கூப்பிடு என்று ஒரு வக்கீலும் கேட்டதில்லை. கேட்கும் முன்பே எல்லோரும் அபராதம் கட்டிவிடுவார்கள்.

தலைமைக் காவலர் வீட்டுக்கே வந்தார். என் பெண்டாட்டியிடம் மரியாதையாகத்தான் பேசினார். "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். பாக்கி எல்லாம் எழுதியிருக்கு." போகும்போது வாசலில் என்னிடம், "கடையில குடை கிழிஞ்சிருக்கே, காத்தடிச்சா மொத்தமா போயிடும் பாத்துக்க" என்றார். குடை கிழியவில்லை தங்கச்சி. போன மாதம்தான் புதிதாக வாங்கினேன்.

அவள் பொய் சொல்ல மாட்டாள். காய்கறிக்காரன் மீதிச் சில்லறையைக் கூடக் கொடுத்துவிட்டால் தெருக்கோடி வரை துரத்திப் போய்த் திருப்பிக் கொடுக்கிறவள். "ஆமான்னு சொன்னா பொய். இல்லன்னு சொன்னா நீங்க உள்ள. நான் என்னதான் சொல்றது?" என்று கேட்டுவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவளும் நானும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. இருமினால்கூடத் திடுக்கிடுகிறோம்.

இந்தக் கடிதத்தை எரித்துவிடுங்கள். கிழித்தால் ஒட்டுவார்கள்.

ஏப்ரல் 2

அண்ணே,

தங்கச்சி என்று எழுதினீர்கள், அதனால் இப்படி அழைக்கிறேன்.

கோர்ட்டில் இன்னதைச் சொல்லுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்பது எனக்குச் சுலபம். கடை உங்களுடையது.

மருத்துவமனையில் இன்னும் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். "சின்ன வழக்குத்தானே, சீக்கிரம் முடிச்சுட்டு வாங்க" என்றார் தலைமைச் செவிலி. என்ன வழக்கு என்று கேட்டார். சொன்னேன். உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிரசவ மருத்துவமனை அண்ணே, முத்தத்துக்கு அடுத்த கட்டமெல்லாம் தாண்டி வருகிறவர்கள்தான் அங்கே வருகிறார்கள். அங்கேயே இப்படி.

என் கணவர் இப்போதும் ஒப்புக்கொள் என்றுதான் சொல்கிறார். "நீ ஜெயிச்சாக்கூட அவங்க விட மாட்டாங்க. என்னைப் பாரு, ஒத்துக்கிட்டேன், ஒரு தொல்லை இருக்கா?" என்கிறார். சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்துகிறார். வெயில் காலம். அறையில் ஆறு பேர். யாரும் ஜன்னலைத் திற என்று சொல்வதில்லை.

இ. எ.

ஏப்ரல் 8

தங்கச்சிக்கு,

நாளைக்குக் கோர்ட்.

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரி, "அந்தப் பார்க்கை ஒரு தடவ கண்ணுல காட்டுங்க. பாக்காத இடத்தைப் பத்தி நான் எப்படிப் பேசுறது?" என்றாள். போனோம். நீங்கள் எழுதிய அடையாளம் சரியாக இருந்தது. தொட்டி, வேலிச்செடி, பெஞ்சு. பல தடவை அந்தப் பெஞ்சின் அருகே நின்றதாகச் சத்தியம் செய்திருக்கிறேன். அதற்குக் கைப்பிடி உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

அவள் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். நான் விளிம்பில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து என் தோளில் சாய்ந்தாள். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

"எழுந்திரு. யாராவது பாப்பாங்க."

"யாரு?"

சுற்றிலும் பார்த்தேன். செடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு சர்க்கரை குறைய வேகமாக நடந்தார். இரண்டு பெரியவர்கள் பென்ஷனைப் பற்றிச் சண்டை போட்டார்கள். ஒரு தாய் பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். ஒருவரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஊரில் எல்லோருக்கும் வேலை இருக்கிறது தங்கச்சி. பார்ப்பதற்கென்று என்னைத்தான் வைத்திருக்கிறார்கள்.

"எனக்கு ஒண்ணும் வெக்கமா இல்லியே" என்றாள் அவள். "உங்களுக்கு?"

எனக்குப் பயமாக இருந்தது. வெட்கம் இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். பயம் மொத்த இடத்தையும் அடைத்துக்கொண்டிருந்தது.

நாளைக்கு என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. கூண்டில் ஏறினால் நாக்கு தானாகவே பழைய பாடத்தை ஒப்பித்துவிடும். அப்படி ஒப்பித்தால் மன்னித்துவிடுங்கள்.

ஏப்ரல் 21

அண்ணே,

உங்களை மறுபடி பார்ப்பேன் என்று கோர்ட் வாசலிலேயே காத்திருந்தேன். நீங்களும் அண்ணியும் பின்வழியாகப் போய்விட்டீர்கள் என்றார்கள். தீர்ப்பின் நகல் வந்துவிட்டது. விடுதலை.

நீங்கள் கூண்டில் நின்றதை நான் மறக்க மாட்டேன். "கண்டு, மிகவும் வெட்கமடைந்து" வரை வந்துவிட்டீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நீதிபதி தலை தூக்கி, "மேலே சொல்லுங்க" என்றார். நீங்கள் அண்ணி உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தீர்கள். "நான் பாக்கலைங்க. கடையில இருந்தேன்" என்றீர்கள். சத்தமே வரவில்லை, டைப் அடிப்பவர் இரண்டு தடவை கேட்டார்.

அண்ணியிடம், "நீங்கள் கணவருடன் அந்தப் பூங்காவுக்குப் போனதுண்டா?" என்று கேட்டார்கள். "போன ஞாயித்துக்கிழமைதாங்க போனேன். அதுதான் முதல் தடவ. எங்களப் பாத்து யாரும் தலைகுனியலைங்க" என்றார். நீதிபதி சிரிக்கவில்லை. ஆனால் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பொதுமக்களில் எவரும் புண்பட்டதாக நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறார்.

நன்றி சொல்லலாம் என்று நேற்று ஸ்டேஷன் பக்கம் வந்தேன். சுவர் இருந்தது. குடையும் பெட்டியும் இல்லை. முக்காலி மட்டும் ஸ்டேஷனுக்குள் வராந்தாவில் இருந்தது.

எங்கே இருக்கிறீர்கள்? பதில் அல்லாத கடிதமாவது எழுதுங்கள்.

மே 3

தங்கச்சிக்கு,

வீட்டில்தான் இருக்கிறேன். பொய்ச்சாட்சிக்கு என் மேல் வழக்கு வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். வரவில்லை. அதைப் போட்டால் வாக்குமூலத்தை யார் எழுதியது என்று கிளறுவார்கள் இல்லையா? கடையை எடுத்தார்கள். நடைபாதை பொதுமக்களுக்குச் சொந்தமாம். அரமும் சாவி மெஷினும் திரும்பக் கிடைத்தன. வாசலில் உட்கார்ந்து தெருக்காரர்களுக்குச் சாவி போடுகிறேன்.

ஆனால் வேறு ஒரு வழக்கு வந்திருக்கிறது. போன புதன்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் நின்று நான் தலைமைக் காவலரைப் பொதுமக்கள் காதில் விழும்படி ஆபாசமாகத் திட்டினேனாம். பொது நாகரிகத்துக்கு எதிரான குற்றம். உங்களுடைய அதே சட்டம்தான், அதில் செய்கைக்கு ஒரு பகுதி, பேச்சுக்கு ஒரு பகுதி. அந்தச் சாயங்காலம் நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

திட்டிய வார்த்தையை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எனக்குப் புரியவில்லை. "அப்படின்னா என்ன சார்?" என்று கேட்டேன். "நக்கலா?" என்று தலைமைக் காவலர் மேஜையைத் தட்டினார். நிஜமாகவே தெரியாது தங்கச்சி. வீட்டில் வந்து சொன்னேன். என் பெண்டாட்டிக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

வழக்கு நிற்க வேண்டுமென்றால், கேட்டு மனம் புண்பட்ட ஒருவர் வேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். யாரைப் போடுவார்கள் என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரி சாட்சி சொன்னால் பெண்டாட்டி பேச்சு என்பார்கள். தண்டனை ஆனால் உள்ளே வைத்துவிடுவோம் என்கிறார்கள். எனக்கு இந்த வயதில் உள்ளே இருக்கத் தெம்பு இல்லை. தெருவில் ஜீப் திரும்பும்போதெல்லாம் எழுந்து சட்டையைப் போட்டுக்கொள்கிறேன். பனியனோடு இழுத்துக்கொண்டு போனால் அதற்கும் ஒரு வழக்கு எழுதுவார்கள்.

மே 9

அண்ணே,

காலி இடத்தை நிரப்பிவிட்டார்கள்.

தலைமைக் காவலர் நேற்று எங்கள் வீட்டுக்கு வந்தார். முதல் தடவையாக நிஜ பூட்ஸ். மாமனார் எழுந்து நின்றார், நாத்தனார் தையலை நிறுத்தினார். அவர் கையில் என் நன்னடத்தைச் சான்றிதழ் இருந்தது. முத்திரை வைத்து, தேதி போட்டு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு. கூடவே இன்னொரு காகிதம், உங்கள் வழக்கின் சாட்சி வாக்குமூலம்.

"நீங்க அந்தப் பக்கம் வந்தீங்கன்னு கேள்விப்பட்டேன். அந்த ஆளு கத்துனது உங்க காதுலயும் விழுந்திருக்குமேம்மா" என்றார்.

"நான் வந்தது வேற நாள்" என்றேன்.

"நாள்ல என்ன இருக்கு? மனசு புண்பட்டுச்சா இல்லியா?"

"இல்ல சார். எனக்கு ஒண்ணும் புண்படலை."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு சுவரில் சாய்ந்துகொண்டேன். அவர் சான்றிதழை மடித்துப் பைக்குள் வைக்கப் போனார். அப்போது என் கணவர், "சார், நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். நான் தடுக்குமுன்பே போட்டுவிட்டார். என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் படிக்கவில்லை. பேனாவை வாங்கியவர் திருப்பிக் கொடுக்கும்போது "தேங்க்ஸ் சார்" என்றார். இனி உங்கள் வழக்கில் அரசுத் தரப்பின் முதல் சாட்சி அவர்தான். சான்றிதழ் கையெழுத்தோடு என் கைக்கு வந்துவிட்டது.

தலைமைக் காவலர் போன பிறகு நான் கத்தவில்லை. "உனக்காகத்தானே போட்டேன்" என்றார் என் கணவர். அது உண்மை என்பதுதான் கஷ்டம். கெட்டவர் அல்ல அண்ணே. பயந்தவர். அவரை வெறுக்கவும் எனக்கு வரவில்லை.

இரவு முழுக்க யோசித்துவிட்டு எழுதுகிறேன். உங்கள் வக்கீலிடம் சொல்லி என்னை உங்கள் தரப்புச் சாட்சியாக அழையுங்கள். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் என் கணவர் ஸ்டேஷன் வாசலில் இல்லை. எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியும். விடுதலை கிடைத்த தைரியத்தில், நான்தான் அவரைக் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். பூங்காவில் இருந்தோம். தொட்டிக்குப் பின்னால். இருட்டும் வரை.

அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அரசு வக்கீல் கேட்பார். கேட்காமல் விட மாட்டார். சும்மா பேசிக்கொண்டிருந்தோம் என்றால் பொய். ஒரு பொய்யைப் பிடித்துவிட்டால் மீதியையும் நம்ப மாட்டார்கள், நீங்கள் உள்ளே போய்விடுவீர்கள். ஆகவே சொல்லத்தான் வேண்டும். திறந்த கோர்ட்டில், மாமனார் மாமியார் உட்கார்ந்திருக்க, மருத்துவமனைக்காரர்கள் காதுக்கும் போகிற மாதிரி. பெஞ்சில் எங்களை ஒருவரும் பார்க்கவில்லை. கோர்ட்டில் அறை நிறையப் பேர் இருப்பார்கள். முகம் சுளிக்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

சான்றிதழைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். இன்னும் மருத்துவமனையில் கொடுக்கவில்லை. கொடுத்து வேலையில் சேர்ந்துவிட்டால் என்னால் கூண்டில் ஏற முடியாது என்று எனக்குத் தெரியும்.

விசாரணை என்றைக்கு என்று மட்டும் எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள் அண்ணே. நாளாக ஆக எனக்குப் பயம் கூடிக்கொண்டே போகிறது.

தங்கச்சி